ஏசிக்கு எத்தனை டன், எத்தனை ஸ்டார்: சதுர அடியை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள்

12க்கு 12 அடி அறைக்கு 1 டன் போதுமா, 1.5 டன்னாக எடுத்துவிட்டால் இன்னும் நல்லதுதானே, 3 ஸ்டாருக்கும் 5 ஸ்டாருக்கும் நிஜமாகவே வித்தியாசம் இருக்கிறதா என்று ஏசி வாங்கப் போகிறவர்கள் கேட்பது மூன்று கேள்விகள். மூன்றுக்கும் ஒரே வரியில் பதில் சொல்லலாம், ஆனால் அந்த ஒரு வரி பாதிப் பேருக்குத் தப்பாகப் போகும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் டன். இது ஏசியின் எடை இல்லை, அது ஒரு மணி நேரத்தில் அறையிலிருந்து எவ்வளவு வெப்பத்தை வெளியே தள்ளும் என்பதன் அளவு. 2000 பவுண்டு பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருக எவ்வளவு வெப்பம் வேண்டுமோ அதைத்தான் 1 டன் என்று வைத்தார்கள். கணக்கில் அது மணிக்கு 12,000 பிடியூ (வெப்பத்தை அளக்கும் ஓர் அலகு), அதாவது 3.517 கிலோவாட். இந்தக் கடைசி எண்ணை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் டன் என்பது பேச்சுக்குத்தான், லேபிளில் அச்சிட்டிருக்கும் கிலோவாட்தான் அளந்து பார்த்தது. 1.5 டன் என்றால் முறைப்படி 5.28 கிலோவாட் வர வேண்டும். ஆனால் 1.5 டன் என்ற பெயரில் விற்பவற்றில் பல 5 கிலோவாட்டுக்குக் கீழேயே நிற்கும். ஒரே டன் என்று சொல்லும் இரண்டு மாடல்களை ஒப்பிடும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

சரி, அறைக்கு எவ்வளவு வேண்டும்? சதுர அடிக்கு இத்தனை என்று ஒரு வாய்பாடு எல்லா ஊரிலும் புழங்குகிறது. அமெரிக்காவில் ஜன்னல் ஏசிக்குச் சொல்லும் கணக்கு சதுர அடிக்கு 20 பிடியூ. வெயில் நன்றாகப் படும் அறை என்றால் 10 சதவீதம் கூட்டு, நிழலான அறை என்றால் 10 சதவீதம் குறை, இரண்டு பேருக்கு மேல் இருந்தால் ஆளுக்கு 600 பிடியூ சேர், சமையலறை என்றால் 4000 சேர். ஒன்றும் இல்லாததற்கு இது தேவலாம். ஆனால் கான்கிரீட் தளத்துக்கு நேர் கீழே, மேற்கு பார்த்த ஜன்னலோடு இருக்கும் அறைக்கு இது எந்த மூலைக்கும் போதாது.

ஒரு அறையை எடுத்துக் கையாலேயே போட்டுப் பார்ப்போம். 12க்கு 12, அதாவது 13.4 சதுர மீட்டர், உயரம் 3 மீட்டர். வெளியே 36 டிகிரி, உள்ளே 25. மேலே மொட்டை மாடி, வெப்பத்தடுப்பு எதுவும் இல்லாத கான்கிரீட். அப்படிப்பட்ட தளம் ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 3 வாட் கடத்தும். வெயிலில் காய்ந்த தளத்தின் மேற்பரப்பு வெளிக்காற்றை விட ரொம்பச் சூடாக இருக்கும், அந்தச் சூடு கீழே இறங்கச் சில மணி நேரம் பிடிக்கும், இரண்டையும் சேர்த்து 20 டிகிரி வித்தியாசம் என்று வைத்தால் கூரையிலிருந்து மட்டும் 800 வாட். மேற்குச் சுவர் 240, இன்னொரு வெளிச்சுவர் 220. மேற்கே 2 சதுர மீட்டர் கண்ணாடி ஜன்னல், திரை இல்லை, பிற்பகல் வெயில் நேராக விழுகிறது: சதுர மீட்டருக்கு 500 வாட் என்று குறைத்தே பிடித்தாலும் 1000 வாட். அதோடு கண்ணாடி வழியாகக் கடத்தலில் வரும் 130. இரண்டு பேர் இருந்தால் 240, டிவியும் விளக்கும் 150. கதவு, ஜன்னல் இடுக்குகளில் மணிக்கு ஒரு முறை அறையின் காற்று முழுக்க மாறுகிறது என்று வைத்தால், அந்தக் காற்றின் சூட்டுக்கு 150 வாட், அதோடு வரும் ஈரப்பதத்துக்கு இன்னும் 260 வாட். மொத்தம் 3200 வாட்டை ஒட்டி வருகிறது. 0.9 டன்.

இப்போது அதே அளவு அறை, ஆனால் மேலே இன்னொரு மாடி இருக்கிறது, ஜன்னலுக்கு வெளியே நிழல் விழுகிறது. கூரைக் கணக்கு போயிற்று. ஜன்னல் வெயில் 1000லிருந்து 250 ஆகிவிடும், மேற்குச் சுவரும் கொஞ்சம் இறங்கும். மற்றதெல்லாம் அப்படியே. மொத்தம் 1600 வாட்டுக்கும் கீழே, அரை டன்னுக்குக்கூடக் குறைவு. சதுர அடி ஒன்றேதான், சுமை சரிபாதி. இதை எழுதிப் பார்த்த பிறகு 'சதுர அடிக்கு இத்தனை' என்று யாராவது அடித்துச் சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

இந்தக் கணக்கிலேயே இன்னொன்றும் தெரிகிறது. அந்த முதல் அறையில் 3200 வாட்டில் 1800 வாட் கூரையும் வெயில் விழும் கண்ணாடியும் கொண்டு வந்தவை. தளத்தின் மேல் வெள்ளைப் பூச்சோ வெப்பத்தடுப்போ போட்டு, ஜன்னலுக்கு வெளியே ஒரு மறைப்பும் வைத்துவிட்டால் ஏசியின் அளவே மாறிவிடும். மறைப்பு வெளியே இருக்க வேண்டும் என்பது முக்கியம். உள்ளே போடும் திரை, கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெயிலைத்தான் பிடிக்கிறது, அதில் பெரும்பகுதி அறைக்குள்ளேயே தங்கிவிடும்.

முறையாகச் செய்பவர்கள் இதே கணக்கைத்தான் விரிவாகச் செய்கிறார்கள். அமெரிக்காவில் வீடுகளுக்கு இதற்கு மேனுவல் ஜே என்று ஒரு முறை, அதில் வந்த சுமைக்கு எந்த ஏசி என்று தேர்ந்தெடுக்க மேனுவல் எஸ். அவர்கள் வெளி வெப்பநிலைக்கு அந்த ஊரில் இதுவரை பதிவான உச்சத்தை எடுப்பதில்லை. வருடத்தின் 8760 மணி நேரத்தில் 1 சதவீதம், அதாவது 88 மணி நேரம் மட்டுமே எந்த வெப்பநிலையைத் தாண்டுமோ அதைத்தான் எடுப்பார்கள். அந்தச் சில மணி நேரங்களில் அறை ஒரு டிகிரி கூடுதலாக இருந்துவிட்டுப் போகட்டும் என்பதுதான் கணக்கு. ஒரே வேகத்தில் ஓடும் ஏசி என்றால் வந்த சுமையை விட 15 சதவீதத்துக்கு மேல் பெரிதாக எடுக்காதே என்றும் அந்த முறை சொல்கிறது.

ஏன் அப்படி? பெரிதாக வாங்கினால் என்ன குடி முழுகிவிடும்?

ஏசிக்கு இரண்டு வேலை. காற்றைக் குளிர்விப்பது ஒன்று, அதிலிருக்கும் நீரைப் பிழிந்து எடுப்பது இன்னொன்று. இரண்டாவது சும்மா நடப்பதில்லை. டிரெயின் குழாயில் மணிக்கு 1 லிட்டர் தண்ணீர் விழுகிறது என்றால், ஏசியின் திறனில் ஏறக்குறைய 680 வாட் அந்தத் தண்ணீருக்கே போகிறது என்று அர்த்தம். 1902இல் வில்லிஸ் கேரியர் வடிவமைத்த முதல் நவீன ஏசியே புரூக்ளினில் ஒரு அச்சகத்தில் ஈரப்பதத்தை அடக்கத்தான், ஆட்களின் சுகத்துக்காக இல்லை. ஈரத்தில் தாள் நீண்டு சுருங்கி, ஒரு வண்ணத்தின் மேல் அடுத்த வண்ணம் சரியாக உட்காராமல் படுத்தியது.

ஒரே வேகத்தில் ஓடும் பெரிய ஏசி என்ன செய்யும்? வெப்பநிலையைச் சடாரென்று இறக்கிவிட்டு நின்றுவிடும். அதற்குள் காயிலில் (ஏசிக்குள் காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளில்) நீர் அப்போதுதான் சேர்ந்து சொட்ட ஆரம்பித்திருக்கும். ஏசி நின்ற பிறகும் உள்ளே விசிறி ஓடிக்கொண்டிருந்தால் அந்த நீர் திரும்ப ஆவியாகி அறைக்கே வந்துவிடும். சில நிமிடம் கழித்து மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். ரிமோட்டில் 24 இருக்கும், உடம்பு மட்டும் கசகசவென்று இருக்கும். உடனே 20க்கு இறக்குவீர்கள், பில் ஏறும், போர்வையும் தேவைப்படும். கடற்கரை ஊர்களில் 'ஏசி போட்டும் புழுக்கம்' என்று சொல்பவர்கள் பெரும்பாலும் ஏசி சின்னது என்று நினைக்கிறார்கள். பல நேரம் விஷயம் நேர் எதிர்.

'பத்து நிமிடத்தில் அறை ஜில்லென்று ஆக வேண்டும்' என்ற ஆசைதான் இப்படிப் பெரிதாக வாங்க வைக்கிறது. அந்த அறையில் இருக்கும் காற்று 40 கன மீட்டர், சுமார் 48 கிலோ. அதை 10 டிகிரி இறக்க 1 டன் ஏசிக்கு இரண்டரை நிமிடம்கூட வேண்டாம். பிறகு ஏன் அரை மணி நேரம் ஆகிறது? தலைக்கு மேலிருக்கும் 15 சென்டிமீட்டர் கான்கிரீட் தளம், ஒவ்வொரு டிகிரிக்கும், அறைக் காற்றைப் போல ஏறக்குறைய 90 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. சுவர், கட்டில், மெத்தை எல்லாம் அதற்கு மேல். நாள் முழுக்க மூடிக் கிடந்த அறையில் ராத்திரி பத்து மணிக்கு ஏசி போட்டால் நீங்கள் குளிர்விப்பது பகல் முழுக்கத் தளம் குடித்த வெயிலைத்தான். இதற்கு இரண்டு டன் வாங்கினாலும் பெரிய மாற்றம் இருக்காது. அரை மணி நேரம் முன்னால் ஜன்னலைத் திறந்து சூட்டை வெளியேற்றிவிட்டு ஏசியைப் போடுவது மேல்.

இன்வெர்ட்டர் வந்த பிறகு இந்தப் பிரச்சினை கொஞ்சம் தணிந்திருக்கிறது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். கம்ப்ரஸர் வேகத்தைக் குறைத்து ஓடுவதால், 0.9 டன் சுமைக்கு 1.5 டன் இன்வெர்ட்டர் போட்டாலும் அது அறுபது சதவீதத்தில் நிதானமாக ஓடும், செலவும் அப்படி ஒன்றும் கூடாது. ஆனால் எந்த இன்வெர்ட்டருக்கும் ஒரு கீழ் எல்லை உண்டு, அதற்குக் கீழே இறங்க முடியாமல் அதுவும் நின்று நின்று ஓடும். ராத்திரி இரண்டு மணிக்குச் சுமை 700 வாட்டுக்கு வந்துவிட்ட அறையில், 1200 வாட்டுக்குக் கீழே போகாத ஏசி பழைய ஏசி மாதிரிதான் நடந்துகொள்ளும். விவரத் தாளில் குறைந்தபட்சக் குளிரூட்டும் திறன் என்று ஒரு எண் இருக்கும். கடைக்காரர்கள் இதைச் சொல்லவே மாட்டார்கள், நீங்கள்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

அப்புறம் ஸ்டார். இது ஏசியின் மின்சாரத் திறனுக்கு லேபிளில் தரும் மதிப்பெண். உள்ளே போகும் ஒரு வாட் மின்சாரத்துக்கு எத்தனை வாட் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது என்பதுதான் திறன். வாட்டுக்கு வாட் என்று சொன்னால் அது சிஓபி, வாட்டுக்குப் பிடியூ என்று சொன்னால் இஇஆர். சிஓபியை 3.412ஆல் பெருக்கினால் இஇஆர், வேறு ஒன்றும் இல்லை. அளக்கும் நிலை பெரும்பாலும் வெளியே 35 டிகிரி, உள்ளே 27 டிகிரி, ஏசி முழு வேகத்தில். வெப்ப நாடுகளுக்கு வெளியே 46 டிகிரியில் அளக்கும் இன்னொரு நிலையும் சர்வதேசத் தரத்தில் இருக்கிறது.

வருடம் முழுக்க யாரும் 35 டிகிரியிலேயே முழு வேகத்தில் ஓட்டுவதில்லை. அதனால்தான் பருவக் கணக்கு வந்தது: வெவ்வேறு வெளி வெப்பநிலைகளில் இத்தனை இத்தனை மணி நேரம் ஓடும் என்று ஒரு கற்பனை வருடத்தை வைத்து, மொத்தமாக வெளியேற்றிய வெப்பத்தை மொத்தமாகச் செலவழித்த மின்சாரத்தால் வகுப்பது. அமெரிக்காவில் இது எஸ்இஇஆர், ஐரோப்பாவிலும் அதே பெயர், ஆனால் அலகு வேறு. அமெரிக்க எண்ணில் பிடியூ இருப்பதால் 15, 20 என்று வரும், ஐரோப்பிய எண் 6, 8 என்று வரும். இரண்டையும் பக்கத்தில் வைத்து எது உசத்தி என்று சண்டை போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன், அலகைப் பார்க்காமல் அந்தச் சண்டைக்கு முடிவே கிடையாது. இந்தியாவில் ஐஎஸ்இஇஆர்: 24 முதல் 43 டிகிரி வரை, வருடத்துக்கு 1600 மணி நேரம் என்று கணக்கு. அமெரிக்காவில் 2023இலிருந்து எஸ்இஇஆர்2 என்று சோதனையையே கடுமையாக்கினார்கள். டக்டில், அதாவது வீட்டுக்குள் காற்று போகும் குழாயில், காற்றைத் தள்ள நிஜ வீட்டில் எவ்வளவு எதிர்ப்பு இருக்குமோ அதற்குப் பக்கத்தில் வைத்து அளக்கிறார்கள், அதனால் அதே ஏசிக்கே எண் கொஞ்சம் குறைந்தது.

பைக்கில் ஊருக்குள் கிடைக்கும் மைலேஜும் நெடுஞ்சாலையில் கிடைக்கும் மைலேஜும் வேறு வேறு என்பது எல்லாருக்கும் தெரியும். ஏசியிலும் அப்படித்தான், ஒரு எண்ணை வைத்து முழுக்கதையும் சொல்ல முடியாது. ஐஎஸ்இஇஆர் 5 என்று போட்ட இன்வெர்ட்டர், முழு வேகத்தில் 35 டிகிரியில் 3.5ஐக்கூடத் தொடாமல் இருக்கலாம். பாதி வேகத்தில் ஓடும்போதுதான் அதற்கு நல்ல மதிப்பெண்: காயிலும் அவுட்டோர் யூனிட்டும் அதே பெரிய அளவில் இருக்க, தள்ள வேண்டிய வெப்பம் மட்டும் பாதியாகிவிடுகிறது. கோடையில் பகல் முழுக்க 42 டிகிரியில் ஓட்டுகிற ஆள் முழு வேகத்தில் உள்ள எண்ணைப் பார்க்க வேண்டும். ராத்திரி மட்டும், வெளியே 28, 30 இருக்கும்போது ஓட்டுகிற ஆளுக்குப் பாதி வேகத்தில் உள்ள எண்தான் முக்கியம். வெளியே சூடு ஏற ஏற திறனும் விழும், குளிரூட்டும் அளவும் விழும். 35 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் குளிரூட்டும் அளவு ஏறக்குறைய 1 சதவீதம் போகும் என்று வைத்துக்கொள்ளலாம். நீங்கள் இருக்கும் இடம் அப்படிப்பட்டது என்றால் டன் கணக்கிலேயே அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டார் எண்ணிக்கையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், பக்கத்தில் இருக்கும் தசம எண்ணைப் பாருங்கள். இந்தியாவில் 2018இல் 5 ஸ்டார் பெற ஐஎஸ்இஇஆர் 4.5 போதுமாக இருந்தது. 2022 ஜூலையில் அதை 5.0 ஆக்கினார்கள், பழைய 4.5 வெறும் 4 ஸ்டார் ஆகிவிட்டது. ஏசி அதே ஏசிதான், கோட்டைத்தான் மேலே ஏற்றினார்கள். இன்னொன்று, அந்த 2022 விதியில் 3.8க்கும் 4.39க்கும் ஒரே 3 ஸ்டார்தான் கிடைத்தது, இரண்டுக்கும் நடுவே மின்சாரத்தில் 13 சதவீத வித்தியாசம். 4.39க்கும் 4.40க்கும் ஒன்றுமே இல்லை, ஆனால் ஒரு ஸ்டார் கூடுதல்.

சேமிப்பைப் போட்டுப் பார்க்க ஒரே வகுத்தல் போதும். 3.8 உள்ள ஏசி வருடத்துக்கு 1000 யூனிட் இழுக்கிறது என்றால், அதே வேலைக்கு 5.0 உள்ளது 760 யூனிட் இழுக்கும். 240 யூனிட் மிச்சம். 5.0லிருந்து 6.2க்குப் போனால்? தசமத்தில் தாண்டியது அதே 1.2தான், ஆனால் மிச்சம் 147 யூனிட் மட்டுமே. மேலே போகப் போக ஒவ்வொரு படிக்கும் பலன் குறையும். வருடத்தில் 300 மணி நேரம் ஓட்டும் விருந்தினர் அறைக்கு உச்ச ஸ்டார் வாங்குவது எனக்கு வீணாகத்தான் படுகிறது. தினமும் எட்டு மணி நேரம் ஓடும் அறைக்கு யோசிக்கவே வேண்டாம்.

அதிகத் திறனுக்கு ஒரு விலை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். திறனை ஏற்றக் காயிலைப் பெரிதாக்கி, காற்றை அதிகமாக ஓட்டுகிறார்கள், அப்போது காயில் அவ்வளவு ஜில்லென்று இருக்காது. காயில் சூடாக இருந்தால் ஈரம் குறைவாகத்தான் பிழியப்படும். கடலோரம் இருப்பவர்கள் உயர்ந்த ஸ்டார் ஏசியில் விசிறி வேகத்தைக் குறைத்து வைத்துப் பாருங்கள், இல்லாவிட்டால் டிரை மோடில் கொஞ்ச நேரம் ஓட்டிப் பாருங்கள். திறன் கொஞ்சம் குறையும், ஆனால் 26 டிகிரியிலேயே சுகமாக இருக்கும், கூட்டிக் கழித்தால் மின்சாரம் குறைவாகத்தான் ஆகும்.

லேபிளில் உள்ள எண் சோதனைக் கூடத்தில், சுத்தமான ஃபில்டரோடு, சரியான அளவு கேஸோடு, அவுட்டோர் யூனிட்டைச் சுற்றி தாராளமாகக் காற்று வரும் நிலையில் எடுத்தது. அந்த யூனிட்டைக் கம்பிக் கூண்டுக்குள் சுவரை ஒட்டி வைத்தால், தான் வெளியே விடும் சூட்டுக் காற்றையே மறுபடி இழுத்துக்கொள்ளும். வெளியே 35 இருந்தாலும் அதைப் பொறுத்தவரை 43. 5 ஸ்டார் வாங்கிய காசு அந்தக் கூண்டுக்குள்ளேயே கரைந்துவிடும். ஏசி மாட்டுபவர் எங்கே வைப்பது என்று கேட்கும்போது 'எங்கே வேண்டுமானாலும் வையுங்கள்' என்று மட்டும் சொல்லாதீர்கள்.

ஏற்கனவே ஏசி இருக்கிறது, அளவு சரியா என்று தெரிய வேண்டும் என்பவர்களுக்கு: நல்ல வெயில் அடிக்கும் ஒரு பிற்பகலில் 25 வைத்து, ஓட விட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஒரே வேகத்தில் ஓடும் பழைய வகை ஏசி என்றால் ஏறக்குறைய நிற்காமல் ஓடி 25ஐப் பிடித்து வைத்திருந்தால் அளவு சரி. ஐந்து நிமிடம் ஓடிப் பத்து நிமிடம் நின்றால் பெரிது. ஓடிக்கொண்டே இருந்தும் 28ஐ விட்டு இறங்கவில்லை என்றால் சின்னது என்று முடிவுகட்டும் முன்னால் ஒரு சாதாரண வெப்பமானியை எடுத்து, ஏசிக்குள் போகும் காற்றையும் வெளியே வரும் காற்றையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 8 முதல் 12 டிகிரிக்குள் இருந்தால் ஏசி தன் வேலையைச் செய்கிறது, சுமைதான் அதிகம், கூரையையும் ஜன்னலையும் பாருங்கள். வித்தியாசம் 4, 5 டிகிரிதான் என்றால் ஃபில்டரைக் கழுவுங்கள், அதற்கும் சரியாகவில்லை என்றால் கேஸ் அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். புது ஏசி வாங்குவதைப் பற்றி அதற்கப்புறம் யோசிக்கலாம்.